போற ஆளுக்கு எதுக்கு?

பார் சோப்பு பார்த்திருப்பீங்க. முழ நீளத்துக்கு மஞ்சளா இருக்கும். பாய் கடையில அதைக் கம்பியால அறுத்துக் கொடுப்பார். அரை பார், கால் பார், வசதிப்பட்டவங்கன்னா முழு பார். அந்தம்மா மட்டும் ரெண்டு விரலைச் சேர்த்து வச்சுக் காட்டி, "இத்தினி குடு போதும்"பாங்க. பாய் கம்பியைப் பிடிச்சுக்கிட்டே சிரிப்பார். "இன்னா மேடம், இது ஒரு வாரத்துக்குக் கூட வராதே?" அதுக்கு அந்தம்மா சொல்ற பதில் எனக்கும் பாய்க்கும் மனப்பாடம். "போற ஆளுக்கு எதுக்கு மேன் முழு சோப்பு?"

எட்டு வருஷம் அப்படியே ரெண்டு விரல் சோப்பு வாங்கினாங்க. பேரு சொல்ல மாட்டேன். அந்தப் பேரை என் கையால எத்தனையோ தடவை டைப் அடிச்சிருக்கேன், அடிச்சு ஒரு புண்ணியமும் இல்லை. இங்கேயாவது அது சும்மா இருந்துட்டுப் போகட்டும்.

என்னைப் பத்தியும் சொல்லணும், ஏன்னா இதுல என் பங்கு இருக்கு. லஸ் முனைக்குப் பக்கத்துல பாயோட மளிகைக் கடை. அந்தக் கடையோட மாடிப்படிக்குக் கீழே ஒரு மேஜை, ஒரு பழைய டைப்ரைட்டர், வர்றவங்க உட்கார ஒரு முக்காலி. அதுதான் என் ஆபீஸ். வேலைக்கு மனு, வாடகை நோட்டீஸ், கல்யாணத்துக்குப் பொண்ணு பையன் விவரம், எது வேணா அடிச்சுக் கொடுப்பேன். அடிக்கிறதோட விடமாட்டேன், புத்தியும் சொல்லுவேன். யாரும் கேக்காட்டியும் சொல்லுவேன். பொண்ணுக்கு இருபத்தெட்டு வயசா, இருபத்துநாலுன்னு போடுங்க. சித்தப்பா ஏதோ கேஸ்ல உள்ளே போய் வந்தாரா, சித்தப்பாவே கிடையாதுன்னு போடுங்க. நான் இல்லாம பண்ணின சித்தப்பாக்களை வரிசையா நிக்க வச்சா லஸ்ஸுலேர்ந்து தெப்பக்குளம் வரைக்கும் நிப்பாங்க. அத்தனை கல்யாணமும் நல்லபடியாத்தான் நடந்துச்சு. அந்தத் திமிர் எனக்கு நிறைய இருந்துச்சு.

அந்தம்மா சட்டைக்காரங்க. வெள்ளைக்கார ரத்தம் கலந்த குடும்பத்தை நம்ம ஊர்ல அப்படித்தான் சொல்லுவோம், முகத்துக்கு நேரா சொல்ல மாட்டோம். டிரங்க் எக்ஸ்சேஞ்சுல ஆபரேட்டர். பம்பாய்க்கும் டில்லிக்கும் ஊர்ல இருக்கிறவங்களுக்கெல்லாம் கால் போட்டுக் கொடுக்கிற வேலை. ராயப்பேட்டையில ஒரு சந்துல ஒத்தை ரூம். புருஷன் செத்து ரொம்ப வருஷம் ஆச்சு. முழங்காலுக்குக் கீழே வர்ற பூப்போட்ட கவுன், கையில ஓட்டைக் குடை. நிறம் கறுப்பு. என்னைவிடக் கறுப்பு. இதைச் சொல்லித்தான் ஆகணும், அந்தம்மா வாழ்க்கை பூரா அதுலதான் மாட்டிக்கிச்சு.

ஒரே மக. அறுபதுகளோட கடைசியில ஒரு சட்டைக்காரப் பையனைக் கட்டிக்கிட்டு ரெண்டு பேருமா ஆஸ்திரேலியா போயிட்டாங்க. அந்த நாட்டுல அப்போ வெளுத்த தோலைத்தான் உள்ளே விடுவாங்க. பையனோட அப்பா அசல் இங்கிலீஷ்காரர். மகளும் அப்பனைக் கொண்டு நல்ல சிவப்பு. கேள்வி கேக்காம விட்டுட்டாங்க. அந்தம்மா மனு போட்டப்போ போட்டோவைப் பார்த்தாங்க போல. உன் வம்சத்துல வெள்ளைக்காரன் யாரு, அவன் வெள்ளைக்காரன்தான்னு என்ன அத்தாட்சின்னு கேட்டு எழுதிட்டாங்க.

மக அப்போ வாராவாரம் லெட்டர் போடும். அந்தம்மா டூட்டி முடிஞ்சு வந்து முக்காலியில உட்கார்ந்து எனக்குப் படிச்சுக் காட்டுவாங்க. "கேளு மேன். மம்மி, உனக்குன்னு ஒரு ரூம் காலியா வச்சிருக்கோம், கர்ட்டன் கூட மாட்டியாச்சு, சீக்கிரம் வான்னு எழுதிகிறா." கர்ட்டன் பச்சைக் கலராம். அதை நாலு தடவையாவது சொல்லியிருப்பாங்க.

அன்னிலேர்ந்து அந்தம்மா போற ஆளாயிட்டாங்க. அலமாரியை வித்தாங்க, கட்டிலை வித்தாங்க. ஒரு டிரங்க் பெட்டி, அது மேலேயே உட்காருவாங்க, அதுக்குப் பக்கத்துலேயே பாய் போட்டுப் படுத்துக்குவாங்க. முன்பல்லு ஒண்ணு விழுந்துச்சு. கட்டிக்குங்க மேடம்னேன். "அங்க போய் கட்டிக்கிறேன் மேன், இங்க கட்டினு போனா அவ சிரிப்பா"ன்னாங்க. கோட்டூர்புரம் பக்கம் அப்போ புதுசா அடுக்கு வீடு கட்டிக்கிட்டு இருந்தாங்க. எக்ஸ்சேஞ்சுல நாலு பேரோட சேர்ந்து மனு போட்டதுல அந்தம்மாவுக்கும் குலுக்கல்ல ஒரு வீடு விழுந்துச்சு. மத்தவங்க இனிப்பு வாங்கிக் கொடுத்தாங்க. இவங்க என்கிட்ட வந்து, வீடு வேணாம்னு ஒரு லெட்டர் அடிச்சுக் கொடுன்னாங்க. பாய் கடையிலேர்ந்து எட்டிப் பார்த்து, "மேடம், வீடு மேடம் அது, சோப்பு இல்ல"ன்னார். "போற ஆளுக்கு எதுக்கு பாய்?" நான் அடிச்சுக் கொடுத்தேன். அன்னிக்கு மட்டும் புத்தி சொல்லலை.

லீவு நாளெல்லாம் அந்த வெள்ளைக்காரனைத் தேடறதுதான் வேலை. குடும்பத்துல வழிவழியா ஒரு கதை உண்டு. அந்தம்மா பாட்டியோட பாட்டிக்கு அப்பா ஒரு சார்ஜென்ட், இடுப்புல கத்தி வச்சிருந்தவர், காய்ச்சல்ல இங்கேயே செத்துப்போனார்னு. கோட்டைப் பக்கம் ஒரு பழைய சர்ச்சுல ஞானஸ்நான நோட்டைத் தேடி எடுத்தாங்க. துணைக்கு நானும் போயிருந்தேன். குழந்தை பேரு இருந்துச்சு. அப்பா பேரு இருந்துச்சு, பட்டாளத்துக்காரன்னு மட்டும் போட்டிருந்தது. அம்மா பேரு எழுத வேண்டிய இடத்துல ஒண்ணும் இல்லை, வெறும் இடம். அந்தம்மா அந்த வெறும் இடத்துல விரலை வச்சுக்கிட்டு, "இவளைத் தேடு தேடுன்னா எங்க போய் தேடறது? நல்ல வேளை, இவளை எவனும் கேக்கலை"ன்னாங்க.

பேரு கிடைச்சதும் லண்டனுக்கு எழுதினோம். அங்கேர்ந்து பதில்: இந்த ஆளைப் பத்தின மீதிக் காகிதமெல்லாம் ஆஸ்திரேலியாவுல இருக்கு, உங்க லெட்டரை அங்கே அனுப்பிட்டோம்னு. அன்னிக்கு அந்தம்மா முகத்தைப் பார்க்கணுமே. "அங்கயே போய் கீறான் மேன் அவன்." பாயும் விடலை. "உங்க ஆளு முன்னாடியே போய் எடம் புடிச்சு துண்டு போட்டு வச்சிகிறாரு மேடம்." மூணு பேரும் டீ குடிச்சோம். அந்தம்மா அன்னிக்குத்தான் முதல் தடவையா முழு டீ குடிச்சாங்க, எப்பவும் பாதிதான்.

நாலு மாசம் கழிச்சு அந்தக் கவர் வந்துச்சு. அந்தம்மா முக்காலியில உட்காரலை. பிரிச்ச கவரைக் கொண்டுவந்து டைப்ரைட்டர் மேலே கவுத்து வச்சுட்டு, "நீ படி மேன்"னு சொல்லித் திரும்பி நின்னுக்கிட்டாங்க. அஞ்சு தாள். மொத்தமும் ஒருத்தனோட வாழ்க்கை. இங்கிலாந்துல லங்காஷையர் பக்கம் ஒரு நெசவுக்காரன் மகன். பத்தொன்பது வயசுல பட்டாளத்துல சேர்ந்து மெட்ராஸ் வந்தான். சாதாச் சிப்பாய், சார்ஜென்டும் இல்லை, கத்தியும் இல்லை. பட்டாளம் வடக்கே கிளம்பிப் போறப்போ பாதி வழியில ஓடிட்டான். பதினோரு நாள் கழிச்சு ராயப்பேட்டையில ஒரு சுதேசிப் பொம்பளையோட குடிசையில பிடிபட்டான். பட்டாளத்துக் கோர்ட்டுல நிறுத்தி, பதினாலு வருஷம் நாடு கடத்தணும்னு தீர்ப்பு. விலங்கு போட்டுக் கப்பல்ல ஏத்தினாங்க. அங்கே இறக்கும்போது கைதிக்கு அங்க அடையாளம் எழுதி வச்சாங்க. ஆட்டுப் பண்ணையில போட்டாங்க. மூணாவது வருஷம் துறைமுகத்துல ஒரு கப்பலுக்குள்ளே ஒளிஞ்சிருந்து மாட்டினதுக்கு அம்பது கசையடி. நாற்பது வயசுக்குள்ளே ஆஸ்பத்திரியில சாவு. கல்யாணம் ஆகலை. அவ்வளவுதான்.

"முடிச்சிட்டியா?"ன்னாங்க திரும்பாமலே.

"முடிச்சிட்டேன் மேடம்."

"கைதி மேன். எங்க தாத்தன் கைதி." அப்புறம் திரும்பி, அந்த முன்பல்லு போன வாயால சிரிச்சாங்க. "பாரேன். வரமாட்டேன்னு ஓடினவனைப் புடிச்சு இழுத்துக்கினு போய் எறக்கிகிறானுங்க. நான் வரேன் வரேன்னு கெஞ்சறேன், எனக்கு பேப்பர் கேக்கறானுங்க."

கொஞ்ச நேரம் கழிச்சு, "உள்ளதை உள்ளபடி அனுப்பிடலாமா மேன்?"னு கேட்டாங்க. கேட்டாங்க. அது என் காதுல இன்னிக்கும் இருக்கு. கேக்காம இருந்திருந்தா எனக்கு இன்னிக்குக் கொஞ்சம் தூக்கம் வரும்.

நான் சொன்னேன், "மேடம், பொண்ணு பார்க்க வர்றவன்கிட்ட எங்க தாத்தா ஜெயிலுக்குப் போனவர்னு எவனாவது ஜாதகத்தோட சேர்த்துக் குடுப்பானா? நீங்களே உங்க தலையில மண்ணை வாரிப் போட்டுக்காதீங்க. சர்ச்சு நோட்டு இருக்கு, அது போதும். சார்ஜென்ட், மெட்ராஸ்லயே காய்ச்சல்ல காலமானார். மரியாதையா இருக்கும். கைதி பரம்பரைன்னு தெரிஞ்சா எவன் உள்ள விடுவான்?"

நாடு கடத்தின கைதிங்க கட்டின நாடு அதுன்னு எனக்கு யார் சொன்னா? மயிலாப்பூர்ல சம்பந்தம் பேசற மாதிரியே அந்த நாட்டையும் நினைச்சுட்டேன். அந்தம்மாவுக்கும் வெட்கம். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா மகளைக் கேவலமாப் பேசுவாங்களேன்னு பயம். சரி மேன், நீ சொன்னா சரின்னாங்க. அஃபிடவிட் அடிச்சேன். சார்ஜென்ட்னு அழகா அடிச்சேன். நோட்டரி முன்னால பைபிள் மேலே கை வச்சு அந்தம்மா கையெழுத்துப் போட்டாங்க. அந்த அஞ்சு தாளைத் தன் டிரங்க் பெட்டிக்குள்ளே வைக்கக் கூடப் பிடிக்காம என் மேஜை டிராயர்லயே போட்டுட்டுப் போனாங்க.

ஆறு மாசம் கழிச்சு பதில். அப்படி ஒரு சார்ஜென்ட் மெட்ராஸ்ல செத்ததா எங்கேயும் பதிவு இல்லை. ஞானஸ்நான நோட்டுல பேருதான் இருக்கு, இங்கிலீஷ் பேரை யாரு வேணா வச்சுக்கலாம், அந்த ஆள் ஐரோப்பியர்தான்னு அதுல எங்கேயும் இல்லை. அதனால மனு ஏற்கப்படலை.

அந்தம்மா எழுந்து போனாங்க. மறுநாள் காலையில ஏதோ வாடகை நோட்டீஸுக்குக் கார்பன் பேப்பர் எடுக்க டிராயரைத் திறந்தேன். அந்த அஞ்சு தாள் மேலேயே கிடந்துச்சு. மூணாவது தாள், அங்க அடையாளம். முடி செம்பட்டை. கண் நீலம். நிறம் வெளுப்பு, முகத்தில் புள்ளிகள். அந்தாளு வெள்ளைக்காரன்னு உலகத்துலயே ஒரு சர்க்கார் கைப்பட எழுதி வச்சிருந்தது அந்த ஒரு தாள்லதான். நேர்மையா இருந்தவனோட தோல் நிறத்தை எவன் எழுதி வச்சான்? கைதியா இருந்ததாலதான் எழுதியிருக்கான். அதைத்தான் நான் வேணாம்னு சொல்லி, என் டிராயர்ல கார்பன் பேப்பரோட கிடக்க விட்டிருந்தேன். ஒரு தடவை முழுசாப் படிச்சவன் நான். கைதிங்கிற ஒரு வார்த்தையிலேயே கண்ணு நின்னுபோச்சு, மத்தது எதுவும் உள்ளே போகலை.

ரெண்டு நாள் அந்தம்மா வர்ற நேரத்துக்கு மேஜையை மூடிட்டு ஓடினேன். மூணாம் நாள் பாய் என் சட்டையைப் பிடிச்சு உட்கார வச்சார். "டைப்பு, தப்பு பண்ட்டே, சரி. அதை அந்தம்மாகிட்ட சொல்றது யாரு, நானா?" சொன்னேன். தாளைக் காட்டினேன். அந்தம்மா அந்த ஒரு வரியை ரொம்ப நேரம் பார்த்துட்டு இருந்தாங்க. திட்டுவாங்கன்னு நினைச்சேன். "சரி, இப்ப போட்டு வுடு மேன்"னாங்க, அவ்வளவுதான்.

போட்டேன். நடந்தது இதுதான், வெட்கத்துல அப்படி எழுதிட்டோம், மன்னிக்கணும்னு பணிவா அடிச்சு, அந்தத் தாளோட நகலையும் சேர்த்து அனுப்பினேன். பதில் சீக்கிரமே வந்துச்சு. ஏற்கெனவே சத்தியம் பண்ணிக் கொடுத்ததும் இப்போ சொல்றதும் ஒண்ணுக்கொண்ணு முரணா இருக்கு, மனுதாரரோட வார்த்தையை நம்புறதுக்கில்லை, இனிமே இது சம்பந்தமா எழுத வேண்டாம்னு. பொய்யை அடிச்சது நான். நம்ப முடியாதவங்கன்னு பேரு வாங்கினது அவங்க.

அதுக்கப்புறமும் அந்தம்மா மாறலை, அதுதான் எனக்குத் தாங்கலை. ரெண்டு விரல் சோப்பு. தீப்பெட்டி ஒண்ணு. ஓட்டைக் குடை. மழையில தொப்பலா நனைஞ்சு வந்து நிப்பாங்க, குடை ஒண்ணு வாங்கிக்குங்கன்னு சொல்ல எனக்கு வாய் வராது. ரிடையர் ஆனாங்க. சந்து வீட்டுக்காரர் ரூமை இடிக்கப் போறேன்னு காலி பண்ணச் சொன்னப்போ இன்னொரு சந்துல இன்னும் சின்னதா ஒண்ணு பார்த்துக்கிட்டாங்க. "கொஞ்ச நாளுக்குத்தானே மேன்." மகளோட லெட்டர் வாரம் ஒண்ணுலேர்ந்து மாசம் ஒண்ணாச்சு. அப்புறம் கிறிஸ்துமஸுக்கு ஒரு கார்டு. கர்ட்டன் இருந்த ரூம்ல இப்போ பேரனைப் படுக்க வச்சிருக்கிறதா ஒரு கார்டுல இருந்துச்சு. அதையும் எனக்குப் படிச்சுக் காட்டினாங்க. "பையன் வளர்றான், எடம் வேணுமில்ல"ன்னு அவங்களே சமாதானமும் சொல்லிக்கிட்டாங்க.

இன்னும் சில வருஷம் போச்சு. அந்த நாட்டுல சட்டத்தை மாத்திட்டாங்க. நிறம் பார்க்க மாட்டோம், பரம்பரை கேக்க மாட்டோம்னுட்டாங்க. பேப்பர்ல அதைப் பார்த்தவர் பாய்தான். கடையை அப்படியே போட்டுட்டு ராயப்பேட்டைக்கு நடந்தே போய் அந்தம்மாவைக் கூட்டிட்டு வந்தார். விசாரிச்சோம். பிள்ளைங்க அங்கே இருந்தா அப்பா அம்மாவைக் கூப்பிட்டுக்கலாம். பிள்ளை ஒரு ஃபாரத்துல கையெழுத்துப் போட்டா போதும், வேற ஒண்ணும் வேணாம். செம்பட்டை முடியும் வேணாம், நீலக் கண்ணும் வேணாம். அத்தனை வருஷம் தேடின ஆளை எவனும் கேக்கவே இல்லை.

மகளுக்கு லெட்டர் அடிச்சேன். ஃபாரத்தை உள்ளே வச்சு, எங்கே கையெழுத்துப் போடணுமோ அங்கே பென்சில்ல சின்னதா ஒரு கோடு போட்டு அனுப்பினோம். அந்தம்மா தினமும் வருவாங்க. பதில் வந்திருக்காதுன்னு தெரிஞ்சே வருவாங்க, ஏன்னா தபால் அவங்க ரூமுக்குத்தானே வரும், என் மேஜைக்கா வரும்? சும்மா வந்து உட்காருவாங்க.

எட்டு மாசம் ஆச்சு. ஒரு மத்தியானம் கவரோட வந்தாங்க. பிரிச்சிருந்துச்சு. எப்பவும் அவங்கதான் படிச்சுக் காட்டுவாங்க, அன்னிக்கு என்கிட்ட நீட்டினாங்க. ஒரே பக்கம். மம்மி, இங்கே எங்களை இங்கிலாந்துலேர்ந்து வந்தவங்கன்னுதான் எல்லாரும் நினைச்சுட்டு இருக்காங்க. அக்கம்பக்கத்துலயும் சரி, பையனோட ஸ்கூல்லயும் சரி, அவர் ஆபீஸ்லயும் சரி. நீ வந்தா நான் என்னன்னு சொல்றது? உனக்குப் புரியும். இங்கே குளிரும் உனக்கு ஒத்துக்காது. உனக்கு பென்ஷன் இருக்கு, தெரிஞ்சவங்க இருக்காங்க. உடம்பைப் பார்த்துக்கோ. ஃபாரம் திரும்பி வந்திருந்துச்சு. பென்சில் கோடு அப்படியே இருந்துச்சு.

ஒரே ஒரு தடவை, ரூம் காலியா இருந்து, மகளே வா வான்னு கூப்பிட்டப்போ நான் வாயை மூடிட்டு இருந்திருந்தா, இந்தம்மா போய்ச் சேர்ந்திருப்பாங்க. அன்னிக்கு அம்மாவை மறைக்கணும்னு அதுக்குத் தோணியிருக்காது. அவ்வளவு வருஷத்தை நடுவுல போட்டது நான்தான். அந்தம்மா அதை ஒரு நாளும் என்கிட்ட சொன்னதில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தா தேவலை.

"அந்த கைதி பேப்பரை எடு மேன்"னாங்க.

டிராயர்லேர்ந்து எடுத்துக் கொடுத்தேன். மூணாவது தாளைப் பார்க்கலை. முதல் தாளை எடுத்து, கண்ணாடியைத் துடைச்சு மாட்டிக்கிட்டு, ராயப்பேட்டைன்னு இருந்த இடத்துல விரலை வச்சாங்க.

"ஓடி வந்தான்னு எழுதிகிறான் பாரு. எங்க ஓடினான்? இங்கதான். பச்சைக் கொழந்தையும் பொண்டாட்டியும் கீற எடத்துக்கு." அடுத்த தாளைப் புரட்டினாங்க. "இந்த கப்பல், ஒளிஞ்சிக்கினு இருந்தானே, அது எந்த ஊருக்குப் போற கப்பல் மேன்?"

"எழுதலை மேடம்."

"எழுதமாட்டான்." தாளை மடிச்சுக் கவுன் பாக்கெட்ல வச்சுக்கிட்டாங்க. அந்த அஞ்சு தாளை அவங்க கையோட எடுத்துட்டுப் போனது அதுதான் முதல் தடவை. "எங்களை வுட்டுட்டுப் போக அவனுக்கு வெலங்கு போட வேண்டியிருந்துச்சு மேன். இவ டாட்டா காட்டிக்கினே ஏறினா."

அந்தம்மா முக்காலியைப் பிடிச்சு எழுந்து, நாலு அடி நடந்து பாய் கடை முன்னால நின்னாங்க. பாய் வழக்கம்போல சோப்பை எடுத்து மரப்பலகையில வச்சு, கம்பியை ரெண்டு விரல் அளவுக்குக் கொண்டுபோனார்.

"அறுக்காதே பாய்"ன்னாங்க. "முழுசாக் குடு."